கண்ணுக்குத் தப்பும் கல்நார்

2006 பிப்ரவரி. குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைபடுவதற்காக வந்துகொண்டிருந்த பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் கிளமென்ஸோவைத் திரும்பி வரச் சொன்னார் அதிபர் ஷிராக். சர்ச்சைக்குக் காரணம் கப்பலில் இருந்த கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அது எத்தனை டன் என்பதில் ஆளுக்கொரு கணக்கு.

பார்த்தே சொல்லிவிட முடியாதா? முடியாது. குழாய்மீது சுற்றிய உறை கண்ணாடி இழையாகவும் இருக்கலாம், கல்நாராகவும் இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் உறையில் ஒரு சிட்டிகை எடுத்து எண்ணெய்த் துளியில் இடுகிறார்கள். நுண்ணோக்கியில், குறுக்காக வைத்த இரண்டு ஒளி வடிகட்டிகளுக்கு நடுவே அதைச் சுழற்றினால், கண்ணாடி இழை இருண்டே கிடக்கும். கல்நார் மினுங்கி மறையும்.

அடுத்தது எக்ஸ்-ரே. கதிர்கள் சிதறும் கோணத்தை வைத்து இன்ன கனிமம் என்று கண்டுபிடிக்கலாம், அளவையும் கணிக்கலாம். ஆனால் அது இழையா, வெறும் தூளா என்பதை எக்ஸ்-ரே சொல்லாது. ஆபத்தோ இழையில்தான். ஆகவே இரண்டு சோதனையும் வேண்டும். மிக மெல்லிய இழைகளுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் கதி.

மாதிரி எடுக்காமல் உறையைப் பிரித்தால், சோதனைக்கூடமாவது தொழிலாளியின் நுரையீரல். புற்றுநோய் என்று முடிவு தெரிய 20, 30 ஆண்டுகள்கூட ஆகலாம்.