விசாவுக்குக் காத்திருந்தவரிடம் ஆங்கிலம் கற்றல்



நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டுமா என்ற விவாதத்தை இந்த நகரத்தில் நாம் எப்போதோ தாண்டிவிட்டோம். அடையாறு ஊரூரில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் திறந்தது 1894இல். எந்த எழுத்தைக் கொண்டு ஆங்கிலம் கற்பிப்பது என்பதுதான் இன்னும் தீராத கேள்வி. தி.நகர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஹோட்டலில் ஆர்டர் கொடுக்கக் கற்றுக்கொள்ளலாம். கல்லூரிப் பாடத்தில் வேர்ட்ஸ்வொர்த் கிடைப்பார். இரண்டையும் நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தொடக்கநிலை மாணவர் கையில் முதலில் தரவேண்டியது, அண்ணல் அம்பேத்கர் ஆங்கிலத்திலேயே எழுதிய 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்போம்.

1930களின் நடுவில் எழுதப்பட்ட இச்சிறு நூல், அவர் மறைவுக்குப் பின் 1990இல்தான் அச்சானது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடமாக இருந்திருக்கிறது. சட்டமும் பொருளாதாரமும் எழுதிய அதே கை இங்கே கதை சொல்வதுபோல் எழுதுகிறது. தீண்டாமையை அருகிலிருந்து பார்த்திராத வெளிநாட்டவருக்குப் புரியவைக்கவேண்டும் என்பதால் வந்த எளிமை அது என்பது நம் கணிப்பு.

முதல் நிகழ்வு 1901இல் நடக்கிறது. ஒன்பது வயதுப் பையன், அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் கோரேகாவில் வேலை பார்க்கும் தந்தையைக் காணப் புறப்படுகிறான். மசூர் ரயில் நிலையத்தில் அழைத்துப்போக ஆள் வரவில்லை. நன்றாக உடுத்தியிருந்த பிள்ளைகளை நிலைய அதிகாரி விசாரிக்கிறார். மகர் என்று பதில் வந்ததும் அவர் முகம் மாறுகிறது. இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டிக்காரர் முதலில் அவர்களோடு வண்டியில் ஏறவில்லை. பிள்ளைகள் ஓட்ட, அவர் நடந்து வருகிறார். கையில் சாப்பாடு இருந்தது. தண்ணீர் தர ஆளில்லை. பட்டினியாகவே படுக்கிறார்கள்.

வகுப்பில் ஒருவர் நிலைய அதிகாரி, ஒருவர் பையன். யார், எங்கிருந்து, எங்கே, ஏன் என்ற கேள்விகளை ஆங்கிலத்தில் அமைக்கவேண்டும். இப்படிப் பழகிய வினாச் சொற்களும் இறந்தகால வினைகளும் மறப்பதில்லை. 'நீங்கள் யார்' என்ற இடத்தில் வகுப்பு சற்று அமைதியாகும். வாடகைக்கு வீடு தேடி அலைந்த யாராவது தன் கதையைத் தொடங்குவார். தமிழிலேயே சொல்லட்டும். பிறகு அதை ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமாக எழுதட்டும். சிவப்பு மையை எடுக்க அவசரம் வேண்டாம்.

தலைப்பும் ஒரு பாடம். ஜெமினி பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் விசாவுக்கு நிற்பவர்களை நம் மாணவர்கள் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். விசா அந்நிய நாட்டுக்குள் நுழைவதற்கு. சொந்த நாட்டு ரயில் நிலையத்தில் ஒரு பையனுக்கு அது ஏன் தேவைப்பட்டது?

அடுத்து தெருவுக்கு வரலாம். மயிலாப்பூர் வாடகைப் பலகையில் 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்று இரண்டே சொல் இருக்கும். அந்த 'ஒன்லி' யாரை வெளியே நிறுத்துகிறது? 1970இல் அமைந்த குடிசை மாற்று வாரியத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லம் கிளியரன்ஸ்' என்று பெயர் இருந்தது. மாற்றுவது வேறு, அகற்றுவது வேறு. 2021இல் வாரியத்தின் பெயர் மாறிவிட்டது. அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட வீட்டுப் பிள்ளைகளிடம் எந்தச் சொல் சரி என்று கேளுங்கள். பதிலை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.