சிஸ்டர், கொஞ்சம் பொறுத்துக்கோங்க!

நர்ஸிங் படிக்கப் போகிற பெண்ணுக்கு ஊரே கூடிச் சொல்லும் அறிவுரை, "பொறுமை வேணும்மா" என்பதுதான். படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஹெட் நர்ஸும் அதையே சொல்வார். நோயாளி கையைத் தட்டிவிட்டாலும் சரி, கூட இருப்பவர் "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டாலும் சரி, டியூட்டி டாக்டர் பத்துப் பேர் முன்னால் கேஸ் ஷீட்டை மேசைமேல் விட்டெறிந்தாலும் சரி, பரிகாரம் ஒன்றுதான்: கொஞ்சம் பொறுத்துக்கோங்க சிஸ்டர். மே 12, செவிலியர் தினத்தன்று மெழுகுவத்தி ஏற்றிவைத்துப் பேசுகிறவர்களும் இதே குணத்தைத்தான் புகழ்வார்கள்.

இந்தப் புகழ்ச்சியில் எனக்குச் சந்தேகம் உண்டு. வார்டுச் சண்டைகள் பொறுமையால் தீர்ந்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஷிஃப்டுக்குத் தள்ளிப்போகின்றன, அவ்வளவுதான். கத்துகிறவர் எதற்காகக் கத்துகிறார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் இருந்தால், அப்படிப் பார்க்க அவருக்கு நேரமும் இருந்தால், பல சண்டைகள் தீர்ந்துவிடும். நேரமும் ஆளும் கொடுக்க முடியாத நிர்வாகம்தான் பொறுமையைக் கேட்கிறது.

எலும்பு முறிவு வார்டை எடுத்துக்கொள்வோம். பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்த நடுவயதுக்காரர். முதல் நாள் சாதுவாக இருக்கிறார், "சாப்பிட்டாச்சா சிஸ்டர்?" என்று நர்ஸையே விசாரிக்கிறார். இரண்டாம் நாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் இரவு, முறிந்த காலோடு கட்டிலைவிட்டு இறங்கப் பார்க்கிறார். மருந்து ஏற்றக் கையில் குத்தியிருந்த வென்ஃப்ளானைப் பிடுங்கி எறிகிறார். சுவர் முழுக்கப் பூச்சி ஊர்கிறது என்கிறார். தடுக்க வந்த நர்ஸைக் காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளால் திட்டுகிறார். "குடிகாரப் பய, கட்டிப்போடுங்க சிஸ்டர்" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து யோசனை வருகிறது.

அவர் குடிப்பவர்தான். மூன்று நாளாகக் குடிக்காததுதான் இப்போது பிரச்சினை. தினமும் குடித்துப் பழகிய உடம்புக்குத் திடீரென்று மது நின்றால் சில மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு மனக்குழப்பமும் பிரமையும் வரும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பாடப் புத்தகத்தில் இருப்பது இதுதான். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மருந்து இருக்கிறது: டயசிபாம் அல்லது லோரசிபாம், கூடவே தயமின் ஊசி. தயமின் போடாமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளைக்குக் கெடுதல் வரலாம் என்பதும் நர்ஸிங் மாணவிக்குத் தெரிந்த பாடம்தான்.

இரவு இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டு "பேஷன்ட் ரொம்பத் தொந்தரவு பண்றார் சார்" என்றால், தூக்க ஊசி ஒன்றைச் சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துவிடக்கூடும். "கால் முறிவு கேஸ் சார், அட்மிட் ஆகி 60 மணி நேரம் ஆச்சு. தினமும் குடிக்கிறவர்னு வீட்டம்மா இப்பதான் சொல்றாங்க. பல்ஸ் 124, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது, ஆள் அடையாளம் தெரியல. குடி நிறுத்தினதால வந்த குழப்பம்னு நினைக்கிறேன், உடனே வந்து பாருங்க" என்றால் வந்துதான் ஆகவேண்டும். அந்த 'இப்பதான்' முக்கியம். விபத்துக் கேஸ்களில் குடிப்பழக்கத்தை வீட்டார் மறைப்பார்கள். எழுதிவிட்டால் இன்ஷூரன்ஸ் வராது, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். முதல் நாளே மனைவியைத் தனியாக அழைத்து, "இது வைத்தியத்துக்காகக் கேட்கிறேம்மா, கடைசியா எப்ப குடிச்சார்?" என்று கேட்ட நர்ஸுக்கு மூன்றாம் நாள் இரவு அடி விழாமல் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

இதே கணக்கு முதியவர்களுக்கும் பொருந்தும். நேற்றுவரை "கண்ணு, கண்ணு" என்று கொஞ்சிய பாட்டி இன்று காலை பேயாட்டம் ஆடினால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். அப்புறம் காய்ச்சல், ஆக்ஸிஜன், சோடியம், சிறுநீர் டியூப் அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சர்க்கரை இறங்கினால் சாதுவும் அடிப்பார். அந்த நேரத்தில் பொறுமை காத்துக்கொண்டு நிற்பது ஆபத்து.

கூட இருப்பவர்களின் கோபம் வேறு வகை. அதற்கு ஊசி கிடையாது. ஸ்கேன் எப்போது, ரிப்போர்ட் எங்கே, பெரிய டாக்டர் எப்போது வருவார், அம்மா பிழைப்பாரா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆபரேஷன் தியேட்டரிலோ வேறு பிளாக்கிலோ இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒரே வெள்ளைக் கோட்டு வார்டு நடுவில் மேசைபோட்டு உட்கார்ந்திருக்கும் நர்ஸுடையது. அவர் அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதே பலருக்கு எரிச்சல். "உக்காந்து எழுதிட்டே இருக்காங்க, எழுந்து வந்து பார்க்கறாங்களா?" என்று கேட்பார்கள். எழுதாமல் கொடுத்த மருந்து கொடுக்காத மருந்துதான் என்பது கேட்கிறவருக்குத் தெரியாது.

இந்திய நர்ஸிங் கவுன்சிலின் கணக்குப்படி பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் இருக்க வேண்டும். நம் ஊர் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் பொது வார்டில் ஓர் இரவு தங்கியவருக்கு இது வேறு ஏதோ தேசத்துக் கணக்காகத் தோன்றும்.

இருக்கிற ஆட்களை வைத்துச் சமாளிக்கும் அனுபவசாலி சிஸ்டர்கள் ஒரு காரியம் செய்வார்கள். "வெயிட் பண்ணுங்க" என்று சொல்வதில்லை, நேரத்தைச் சொல்வார்கள். "ஸ்கேனுக்கு ஆறு மணிக்குக் கூப்பிடுவாங்கண்ணா. ஆறரை வரைக்கும் கூப்பிடலைன்னா எங்கிட்ட வாங்க, நானே போன் பண்ணிக் கேட்கறேன்." ஆறரைக்கு அந்த மனிதர் வருவதற்கு முன்பே, ஒன்றும் தெரியாவிட்டாலும், "இன்னும் கூப்பிடலண்ணா, கேட்டிருக்கேன்" என்று கட்டிலருகே போய்ச் சொல்லிவிடுவார்கள். குடும்பத்தில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, "உங்ககிட்ட எல்லாம் சொல்றேன், மத்தவங்களுக்கு நீங்க சொல்லிடுங்க" என்று ஏற்பாடு செய்துகொள்வதும் உண்டு. மாலையில் கும்பலாக வரும் சித்தப்பா, மாமா, கவுன்சிலர் வகையறாவை அந்த ஒருவரே பார்த்துக்கொள்வார்.

நர்ஸுகள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். டியூட்டி மாறும்போது, "14-ம் பெட் ஒரு மாதிரி, ஜாக்கிரதை" என்று சொல்லிவிட்டுப் போவது எல்லா வார்டிலும் நடப்பது. அதற்கப்புறம் அந்த 14 என்ன கேட்டாலும் தொந்தரவுதான்; நெஞ்சு வலி என்றாலும் நடிப்புதான். 1972-ல் ஃபெலிசிட்டி ஸ்டாக்வெல் என்ற பிரிட்டிஷ் நர்ஸ் 'பிடிக்காத நோயாளி' என்ற பொருளில் ஓர் ஆய்வையே வெளியிட்டார். நர்ஸின் பெயரைத் தெரிந்துவைத்துக் கூப்பிடுகிறவர், நாலு வார்த்தை சிரித்துப் பேசுகிறவர், சீக்கிரம் குணமாகி வீட்டுக்குப் போகத் துடிப்பவர் எல்லோருக்கும் செல்லம். குறை சொல்கிறவர், நர்ஸ் நம்புகிற அளவைவிட அதிகமாக வலிக்கிறது என்பவர், மாதக்கணக்கில் படுத்திருப்பவர், வேற்று நாட்டிலிருந்து வந்தவர் ஆகியோரைப் பிடிக்கவில்லை. ஆக, 'கஷ்டமான நோயாளி' என்ற பட்டத்தில் நோயாளியின் குணம் கொஞ்சம், கொடுத்தவரின் களைப்பு கொஞ்சம். அதற்கும் முன்பே, 1960-ல் வெளியான ஓர் ஆய்வில் இசபெல் மென்ஸீஸ், நோயாளியைப் பெயர் சொல்லாமல் கட்டில் எண்ணாலும் நோயாலும் குறிப்பிடுவது, தினமும் சாவைப் பார்க்கும் பெண்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் வழி என்று எழுதினார். அது லண்டன் மருத்துவமனை. நம் வார்டுகளைப் பார்த்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார்.

நோயாளி ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். கூட வேலை பார்க்கிறவர் போகமாட்டார். நர்ஸுகளிடம் மனம்விட்டுப் பேசினால் கண்ணீர் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டாக்டர்களிடமிருந்து தொடங்கலாம். 1967-ல் அமெரிக்க மனநல மருத்துவர் லியோனார்ட் ஸ்டீன் 'டாக்டர்-நர்ஸ் விளையாட்டு' என்ற கட்டுரையை எழுதினார். என்ன மருந்து வேண்டும் என்று நர்ஸுக்குத் தெரியும். ஆனால் சொல்லக் கூடாது. டாக்டருக்கே தோன்றியதுபோல் நடக்க வேண்டும். நம் ஊரில் இந்த ஆட்டம் எப்படி நடக்கும் என்றால், "சார், போன வாரம் இதே மாதிரி மூச்சு வாங்கினப்ப நீங்க லேசிக்ஸ் கொடுத்ததும் நல்லா கேட்டுச்சு" என்பார் பதினைந்து வருட அனுபவமுள்ள சிஸ்டர். நேற்று ஹவுஸ் சர்ஜனாக வந்தவர் "ம்ம், லேசிக்ஸ் போடுங்க" என்பார். போன வாரம் அப்படி எதுவும் நடந்திருக்காது! 1990-ல் ஸ்டீன் மறுபடியும் எழுதியபோது, அங்கே நர்ஸுகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்றார். இங்கே இன்னும் முடியவில்லை. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லும் முறையிலிருந்து மருத்துவமனைகள் எடுத்துக்கொண்ட எஸ்பார் என்ற முறை இதற்கு மாற்று. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, நீங்கள் செய்ய வேண்டியது என்று நான்கு பகுதியாகச் சொல்வது. மேலே அந்தக் கால் முறிவுக்காரரைப் பற்றி நர்ஸ் போனில் சொன்னது அதுதான். அதட்டுகிற டாக்டரிடமும் எண்கள் பேசினால் குரல் இறங்குகிறது. எல்லோரிடமும் அல்ல, சிலரிடம்.

சீனியர்-ஜூனியர் சண்டைக்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த நர்ஸுகளுக்கு அரசு கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு நடக்காமல்போக, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். ஊதியம் பிறகு படிப்படியாக 18,000-க்கு ஏறியது. ஒரே வார்டு, ஒரே வேலை, ஒரே ஊசி. ஒருவர் காலமுறை ஊதியத்தில், இன்னொருவர் தொகுப்பூதியத்தில். தீபாவளி நைட் டியூட்டி யாருக்கு விழும் என்று சொல்லத் தேவையில்லை. இதில் மூளும் சண்டையைப் "பொம்பளைங்க நாலு பேர் சேர்ந்தா இப்படித்தான்" என்று சிரித்துக் கடக்கிற அதிகாரி, டியூட்டி ரோஸ்டரை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும்.

ஆனாலும் சில சீனியர்கள் குத்துவதற்கென்றே குத்துவார்கள். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது, தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் ஜூனியரைத் தடுமாற வைப்பது, நோயாளி முன்னால் "இதுகூடத் தெரியாதா?" என்பது. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் புதிதாகச் சேர்ந்த 26 நர்ஸுகளுக்கு, இப்படி நடக்கும்போது என்ன பதில் சொல்வது என்று சிறு அட்டைகளில் எழுதிக் கொடுத்து ஒத்திகை பார்க்க வைத்தார் மார்த்தா கிரிஃபின். ஆய்வு 2004-ல் வெளியானது. அடையாள அட்டையோடு சேர்த்துத் தொங்கவிட்டுக்கொண்ட அந்தப் பதில்களைச் சொன்னவர்களுக்குப் பலன் கிடைத்தது. பாஸ்டன் பதிலை அப்படியே இங்கே சொன்னால் திமிர் என்பார்கள். "சிஸ்டர், நான் தப்பு பண்ணியிருந்தா தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க, திருத்திக்கறேன். பேஷன்ட் முன்னாடி மட்டும் வேணாம்" என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தால்தான் அந்த நேரத்தில் குரல் உடையாமல் வரும்.

வார்த்தை கையாக மாறும் இடத்தில் இந்த வித்தைகள் எதுவும் செல்லாது. 1973 நவம்பரில் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸை நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கியவன் அதே மருத்துவமனையின் துப்புரவுத் தொழிலாளி. அவனை அவர் கண்டித்திருந்தார். 2015 மே 18-ல் இறக்கும்வரை 41 ஆண்டுகளுக்கும் மேல் நினைவு திரும்பாமல் கிடந்த அருணாவைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துக்கொண்டவர்கள் அந்த மருத்துவமனை நர்ஸுகள். அவனுக்குக் கிடைத்தது 7 ஆண்டுச் சிறை. பாலியல் தாக்குதலுக்கு வழக்கே போடவில்லை.

இன்று சட்டம் இருக்கிறது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை என்று தமிழ்நாடு 2008-லேயே சட்டம் போட்டுவிட்டது. அதில் நர்ஸும் அடக்கம். 2013-ம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். 3 மாதத்துக்குள் புகார் தரலாம். பலருக்குத் தெரியாத ஒன்று: கூட வேலை செய்கிறவர்களிடமிருந்து மட்டுமல்ல, வெளியிலிருந்து வருகிறவர்களிடமிருந்தும் பெண் ஊழியரைப் பாதுகாப்பது முதலாளியின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஊசி போடும்போது கையைப் பிடிக்கிற நோயாளியும் அதில் வருவார்.

இத்தனை இருந்தும் புகார் கொடுப்பவர் குறைவு. கொடுத்தால் அடித்தவன் வீட்டார் வந்து காலில் விழுவார்கள். மேலதிகாரி "விட்டுடும்மா, பேப்பர்ல வந்தா ஆஸ்பத்திரி பேர் கெட்டுடும்" என்பார். ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நர்ஸ் தனியாக, லீவு போட்டு அலைய வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு மத்திய சுகாதாரத் துறை ஓர் உத்தரவு போட்டது: பணியில் இருப்பவர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் பெயரில் எஃப்.ஐ.ஆர். பதிவுசெய்ய வைக்க வேண்டியது நிறுவனத் தலைவரின் பொறுப்பு. மூன்று மாதத்தில், சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் பட்டப்பகலில், புறநோயாளிப் பிரிவு அறைக்குள்ளேயே கத்தியால் குத்தினார். மாநிலமே அதிர்ந்தது, போலீஸ் உடனே வந்தது. நர்ஸுக்கு அடி விழுவது பெரும்பாலும் இரவில், கேமரா இல்லாத வார்டு மூலையில். அப்போது டீன் வீட்டில் இருப்பார். அவர் இடத்தில் கையெழுத்துப் போட்டுப் புகாரை ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டியவர் யார், அவர் போன் நம்பர் என்ன என்று நர்ஸ் மேசைக்கு மேலே, சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறதா? செவிலியர் தின மேடையில் ஏறுகிறவர்கள் வருகிற வழியில் ஒரு வார்டுக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வரலாம்.