பொது முடக்கத்தில் தெளிந்த தில்லி காற்று: ஓசோன் மட்டும் குறையாதது ஏன்?

புதுதில்லி: கரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 25-இல் நாடு தழுவிய பொது முடக்கம் அமலானபோது, தில்லியில் வாகனப் போக்குவரத்தும் கட்டுமானப் பணிகளும் பெருமளவில் நின்றன. இதையடுத்து, காற்றில் பிஎம் 2.5 நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்ஸைடு ஆகியவற்றின் அளவு வெகுவாகக் குறைந்தது. பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து தௌலாதார் மலைத்தொடர் தெளிவாகத் தெரிந்தது.

எனினும், தரைமட்ட ஓசோன் அதே அளவில் குறையவில்லை. சில இடங்களில் அதிகரித்தது. வாகனப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்ஸைடு, ஓசோனுடன் வினைபுரிந்து அதைக் குறைக்கும் தன்மையுடையது. புகை குறைந்ததால் அந்த வினையும் குறைந்தது. கோடை வெயிலும் ஓசோன் உருவாக உதவியது.

உடல்நலப் பலனைக் கணக்கிடுவதும் எளிதன்று. நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று ரத்தத்திலும் கலக்கக் கூடியவை. அவை குறைந்தால் இதய, சுவாச பாதிப்புகளும் குறையும். ஆனால், முடக்க காலத்தில் தொற்று அச்சத்தாலும் போக்குவரத்து இன்மையாலும் பலர் மருத்துவமனைகளுக்கே செல்லவில்லை. எனவே, நோயாளிகளின் வருகை குறைந்ததை மட்டும் தூய காற்றின் பலனாகக் கொள்ள முடியாது.

கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபின், அதே ஆண்டு நவம்பரில் தில்லி காற்றின் தரம் மீண்டும் 'கடுமை' பிரிவுக்குச் சரிந்தது. 2019-இல் தொடங்கப்பட்ட தேசிய தூய காற்றுத் திட்டத்தின் இலக்குகள் துகள் மாசையே மையமாகக் கொண்டவை. ஓசோனையும் கட்டுப்படுத்த, எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் வெளியேற்றத்தையும் சேர்த்துக் குறைப்பது அவசியமாகிறது.