உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி: பெருமாள்முருகனின் நாவல்களில் மணமும் துக்கமும் சாவும்



ஒவ்வோர் ஆண்டும் நாம் இழந்த ஒருவரின் பெயரைச் சொல்லி இந்தக் காந்திபுரத்தில் கூடுகிறோம். நினைவுரை என்பதே துக்கத்தைப் பொதுவில் வைத்துப் பேசுவதுதான். ஆகவே இம்முறை துக்கத்தைப் பற்றியே பேசலாம் என்று முடிவுசெய்தோம். யாருக்காக யார் அழலாம், யாருக்காக அழக் கூடாது என்பதைச் சாதி எப்படித் தீர்மானிக்கிறது? இதைப் புரிந்துகொள்ள, கொங்கு மண்ணின் இணையர்களைப் பற்றிப் பெருமாள்முருகன் எழுதிய நாவல்களை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் 'பூக்குழி'. 2013இல் வெளிவந்த இந்த நாவல் தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. சோடாக் கடையில் வேலை செய்யும் குமரேசன், நகரத்தில் பழகிய சரோஜாவை மணந்து தன் ஊருக்கு அழைத்து வருகிறான். பாறைமேல் இருக்கும் குடிசை வாசலில் இருவரையும் பார்த்ததும் தாய் மாராயி ஒப்பாரி வைக்கிறாள். மகன் கண்ணெதிரே உயிரோடு நிற்கிறான். ஆனாலும் அது இழவு வீடாகிவிடுகிறது. ஊர் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான்: பொண்ணு என்ன சாதி? நாவல் எந்தச் சாதியின் பெயரையும் சொல்வதில்லை. பெயர் சொல்லாமலே நமக்குப் புரிந்துவிடுகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

மாராயியின் ஒப்பாரி ஒரு கிழவியின் புலம்பல் மட்டுமல்ல. சாதி மாறி மணந்த பிள்ளையை 'தலைமுழுகிவிட்டோம்' என்று நம் பக்கத்தில் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். சாவுக்குத்தான் தலைமுழுகுவார்கள். மகள் உயிரோடு இருக்கும்போதே கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டும் குடும்பங்களும் தமிழ்நாட்டில் உண்டு. முதலில் செத்தவராக அறிவிக்கிறார்கள். அப்படி அறிவித்த பிறகு உண்மையில் கொல்வது, நடந்து முடிந்ததை உறுதிப்படுத்துவதுபோல் ஆகிவிடுகிறது. 'பூக்குழி'யின் முடிவு அதைத்தான் காட்டுகிறது. கர்ப்பிணியான சரோஜா தனியாக முள்புதருக்குள் ஒளிந்திருக்கிறாள். தேடி வருபவர்களின் குரல்களில் மாமியாரின் குரலும் இருக்கிறது. புதருக்குத் தீ வைக்கிறார்கள். அவள் காதில் குமரேசனின் சைக்கிள் சத்தம் விழுகிறது. அவன் வந்து சேர்ந்தானா என்று நாவல் சொல்வதில்லை.

பூக்குழி என்றால் தீ மிதிக்கும் குழி. நாம் குண்டம் என்போம். சாமிக்கு நேர்ந்துகொண்டு இறங்கும் நெருப்பு இங்கே சாதிக்காக மூட்டப்படுகிறது. இந்த நெருப்பை விளக்க அம்பேத்கரிடம் போக வேண்டும். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை அவர் வாசித்தார். அகமணமுறைதான் சாதியின் சாரம் என்றார். சாதிக்குள்ளேயே மணம் முடிய வேண்டுமென்றால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் மனைவி 'உபரி'யாகிறாள். அவள் வெளியே மணந்துவிட்டால் வேலி உடையும். எனவே அவளைக் கணவனோடு எரிக்க வேண்டும். இல்லையென்றால் கைம்மையில் அடைக்க வேண்டும். சாதியின் கணக்கில் சரோஜாவும் உபரிதான். வெளியிலிருந்து வந்த உபரி.

கைம்மை என்ற மறுபாதியை 'ஆலவாயன்' பேசுகிறது. 'மாதொருபாகன்' நாவலில் குழந்தையில்லாத காளியும் பொன்னாவும் ஊரின் ஏச்சுக்கு ஆளாகிறார்கள். காளி சம்மதித்துவிட்டான் என்று நம்பவைத்துத் திருவிழாவுக்குப் பொன்னாவை அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு ஆசிரியர் இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார். 'ஆலவாயன்' கதையில் காளி பூவரச மரத்தில் தூக்குமாட்டி இறக்கிறான். பொன்னா துக்கத்தோடும் குற்றவுணர்வோடும் வாழ்கிறாள். 'அர்த்தநாரி'யில் காளி பிழைத்துக்கொள்கிறான். பொன்னாவோடு பேசாமல் அவளைத் தண்டிக்கிறான். கணவன் செத்தாலும் பிழைத்தாலும் தண்டனை பெண்ணுக்குத்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இது தெளிவாகும்.

இப்போது நம் விமர்சனம். இந்த நாவல்கள் ஆதிக்கச் சாதி வீட்டின் உள்ளேயிருந்து எழுதப்பட்டவை. அந்த வீட்டின் கொடுமையை மறைக்காமல் சொல்வது அவற்றின் பலம். ஆனால் சரோஜா தனி ஆள். அவள் பக்கத்தில் ஒரு சேரி இல்லை. அவளுக்காக அழ ஒரு கூட்டம் இல்லை. நிஜத்தில் நெருப்பு ஒரு புதரோடு நிற்கவில்லை. 2012 நவம்பர் 7 அன்று இளவரசன் மணந்த பெண்ணின் தந்தை இறந்ததைக் காரணம் காட்டி நத்தம் உள்ளிட்ட மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. அவர்களின் துக்கத்துக்குத் தீ வைக்கும் உரிமை இருந்தது. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தபோது, நம் துக்கத்துக்கு 144 தடை உத்தரவுதான் கிடைத்தது.

இது புதிதல்ல. பண்ணையக்காரர் வீட்டு இழவுக்குச் சேதி சொல்லப் போனவர்கள் நம் முன்னோர். பறையடித்ததும் குழி வெட்டியதும் அவர்கள்தான். அடுத்தவர் துக்கத்துக்கு நம் உழைப்பு கட்டாயமாக இருந்தது. நம் வீட்டுச் சாவோ தனிச் சுடுகாட்டில், ஊர்க் கண்ணில் படாமல் முடிந்தது.

நாவல்கள் எழுதாத முடிவு ஒன்று நம் பகுதியிலேயே நடந்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா கைம்மைக்குள் முடங்கவில்லை. பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பறையைத் தானே விரும்பிக் கையில் எடுத்தார். 2018 டிசம்பரில் இதே கோவையில் மறுமணம் செய்துகொண்டார். 2017இல் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. நீதி பாதியில் நின்றாலும், அந்தப் பெண் தன் துக்கத்தைச் சாட்சியமாக மாற்றியதை எந்தத் தீர்ப்பாலும் அழிக்க முடியாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், இணையருக்குப் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்றது. அவை உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கின்றன, யாரைக் கேட்க வேண்டும் என்று இன்றே விசாரித்து வையுங்கள். ஏதோ ஓர் இரவில் உங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி உங்களைத் தொலைபேசியில் அழைக்கக்கூடும். சரோஜாவுக்கு ஒரு சைக்கிள் சத்தம்தான் கேட்டது. அது வந்து சேர வேண்டும். அதற்குப் பிறகு நினைவுரை தேவைப்படாது.