லினக்ஸைக் காணோமா? ஃபார்மட்டுக்குத் தலையாட்டாதீர்கள்

கணினி படுத்துவிட்டால் மந்தைவெளிக்காரர்களுக்கு வழி தெரியும். பறக்கும் ரயிலேறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி தெரு. அவசரமென்றால் பக்கத்துத் தெரு சர்வீஸ் கடை. எங்கே போனாலும், ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர் காதில் விழக்கூடிய வசனம் ஒன்று உண்டு: "ஓ.எஸ். போயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணிடலாம்."

உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். லினக்ஸ் திறக்கவில்லை என்பதாலேயே அது அழிந்துவிட்டதென்று ஆகாது. பெரும்பாலும் தகராறு செய்வது, எந்த ஓ.எஸ். என்று முதலில் கேட்கும் 'க்ரப்' என்ற சிறு நிரல்தான். உங்கள் கோப்புகள் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ஃபார்மட் செய்தால்தான் அவை போகும்.

இரட்டை ஓ.எஸ். நமக்குப் புதிதல்ல. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது.

இதில் பெரிய கலாட்டா நடந்தது 2024 ஆகஸ்டில். அந்த மாதம் 13ஆம் தேதி மைக்ரோசாப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் அனுப்பியது. 'எஸ்பாட்' என்ற விதியால் ஓட்டையுள்ள பழைய க்ரப்களைத் தடுப்பதே நோக்கம். இரட்டை ஓ.எஸ். உள்ள கணினிகளை இது தொடாது என்றுதான் சொன்னார்கள். தொட்டது. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால், கறுப்புத் திரையில் 'வெரிஃபையிங் ஷிம் எஸ்பாட் டேட்டா ஃபெயில்டு: செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று காட்டிவிட்டு மெஷின் அணைந்துபோகும். செப்டம்பர் அப்டேட்டிலிருந்து அந்த எஸ்பாட் அமைப்பையே மைக்ரோசாப்ட் எடுத்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே மாட்டிய கணினியைச் சரிசெய்ய வேண்டும்: பயாஸில் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு அமைப்பை அணைத்து, லினக்ஸுக்குள் போய், 'மோக்யூடில்' கட்டளையால் அந்த எஸ்பாட் விதியை நீக்கி, ரீபூட் செய்து, பிறகு செக்யூர் பூட்டைத் திரும்பப் போட வேண்டும். அணைத்தபடியே விட்டுவிடக் கூடாது.

செக்யூர் பூட்டில் கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. புது விண்டோஸ் கணினிகள் பலவற்றில், சொல்லாமலே பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருக்கிறது. இந்த அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது இல்லையென்றால் விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளை மறந்துவிட வேண்டியதுதான். உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, முதலில் தாளில் எழுதி வையுங்கள்.

எந்த எச்சரிக்கையும் இன்றி நேரே விண்டோஸுக்குள் போகிறதா? பயாஸில் பூட் வரிசை மாறியிருக்கும். லினக்ஸை மேலே ஏற்றினால் போதும். 'க்ரப் ரெஸ்க்யூ' என்று நின்றால், யாரோ பார்ட்டிஷனை அழித்தோ மாற்றியோ இருக்கலாம். லைவ் யூ.எஸ்.பி.யில் கணினியைத் திறந்து, முதல் வேலையாகக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். க்ரப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் கொடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால் ஜாப் கார்டு கேளுங்கள். 'அனுமதியின்றி ஃபார்மட் செய்யக் கூடாது' என்று அதில் எழுத வைத்த பிறகே மெஷினைக் கொடுங்கள். "அதெல்லாம் எழுதித் தர மாட்டோம் சார்" என்றால் வேறு கடை பாருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, செய்த வேலைக்கு பில் தர மறுப்பதையும், நம்பிக் கொடுத்த சொந்தத் தகவலை வெளியே விடுவதையும் நியாயமற்ற வணிகம் என்கிறது. சொல்லாமல் அழித்தால் சேவைக் குறைபாடு என்று வழக்காடலாம். கெட்ட எண்ணத்தோடு உங்கள் படங்களை நகலெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பாயும். மூன்றாண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் படங்களை வைத்து மிரட்டினால் தயங்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

நுகர்வோர் புகாருக்கு முதலில் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. அதுவரை பில்லையும் ஜாப் கார்டையும் தூக்கிப் போடாதீர்கள்.