முதல் மூன்று நாட்கள்

2007ஆம் ஆண்டு. ஏ-9 வீதி மூடப்பட்டிருந்த காலம். அம்மாவுடன் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலில் போனேன். எனக்கு அப்போது 14 வயது. கரை மறையுமுன்பே சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டேன். இனி ஒருநாளும் கப்பல் ஏறமாட்டேன் என்று அழுதேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மம்மா என்னை யன்னலோரம் இருத்தினார்.

"கீழே பாராதை பிள்ளை. அங்கை வானமும் கடலும் சேருற இடத்தைப் பார்."

சிறிது நேரத்தில் வயிறு ஓரளவு அடங்கியது.

ஒரு கப்பல் பயணமே இப்படியென்றால், சிறிய பாய்மரப் படகில் மாதக்கணக்கில் சமுத்திரம் கடப்பவர்கள் என்ன செய்வார்கள்? பின்னாளில் அவர்களைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். அவர்களிற் பலருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்கள் என் நிலைதான். அம்மம்மா சொன்ன அதே வைத்தியத்தையே அவர்களும் செய்கிறார்கள்.

காரணம் எளிது. உடல் ஆடுகிறது என்று உட்காது சொல்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மூளை குழம்புகிறது. அடிவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒன்றையே சொல்லும். பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று நாட்களில் உடல் பழகிவிடும். கடல் அப்படியேதான் இருக்கும்.

அனுபவசாலிகள் அந்த நாட்களுக்கென்று கரையிலேயே ஆயத்தம் செய்கிறார்கள். சூடாக்கினாற் போதும் என்னும்படி உணவைச் சமைத்து எடுத்துச் செல்வார்கள். மாத்திரையைப் புறப்படுமுன்பே போடுவார்கள். சத்தி தொடங்கிய பின் போட்டால் அது வயிற்றில் தங்காது. ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் படுப்பார்கள். வெறும் வயிறாக இருக்காமல் பிஸ்கற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிப்பார்கள். இஞ்சியும் பலருக்கு உதவுகிறது. காற்று பலப்படுமுன்பே பாயைச் சுருக்கிவிடுவார்கள். முறைவைத்து உறங்குவார்கள். களைத்தவர் கால் தவறக்கூடும் என்பதால், மேல்தட்டில் இடுப்புப் பட்டியைப் படகோடு கொழுவிக்கொள்வார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர்கூடத் தங்காமல் சத்தி தொடர்ந்தால், சிறுநீர் குறைந்தால், அது பொறுத்திருக்கும் விடயமல்ல. ஜீவனி போன்ற கரைசலைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்து, வைத்திய உதவி தேட வேண்டும்.

எல்லோருக்கும் மூன்று நாளில் சரியாகிவிடும் என்றும் இல்லை. கூர்ப்புக் கொள்கையைத் தந்த சார்ள்ஸ் டார்வின் 1831இல் கப்பலேறினார். முதல் நாட்களில் படுத்த படுக்கையாகக் கிடந்து, முந்திரிகை வற்றலும் பிஸ்கற்றும் மட்டுமே உண்டார். 1836இல் கரை திரும்பும்வரை கடல் அவருக்கு முற்றாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் வேலையை அவர் விடவில்லை.

என் மனதில் அதிகம் நிற்பவள் அவுஸ்திரேலியாவின் ஜெசிக்கா வட்சன். 1993இல் பிறந்தவள், என் வயதுக்காரி. 16 வயதில் தனியாக உலகைச் சுற்றத் துணிந்தாள். அவளது படகு சுமார் 10 மீற்றர் நீளமானது. 2009 செப்டெம்பரில் சிட்னிக்கு வெள்ளோட்டம் போன முதல் இரவே, அவள் சற்று உறங்கப்போன வேளையில், பெரிய சரக்குக் கப்பலொன்றுடன் மோதியது. பாய்மரம் முறிந்தது. அவளே படகைத் துறைமுகத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். "இந்தப் பிள்ளையைப் போகவிடக் கூடாது" என்று பலர் சொன்னார்கள். படகைத் திருத்திக்கொண்டு ஒக்ரோபர் 18இல் சிட்னியிலிருந்து புறப்பட்டாள். 210 நாட்களின் பின், 2010 மே 15இல் அதே துறைக்குத் திரும்பினாள். அந்த முதல் இரவை மட்டும் வைத்து அவளைத் தீர்மானித்திருந்தால்?

இப்போது வேலை நிமித்தம் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் அடிக்கடி போகிறேன். போன மாதம் என்னருகில் ஓர் இளந்தாய். கணவரை இழந்தவர். தையற் பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டே நாளானவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கடலும் சரிவராது, தையலும் சரிவராது அக்கா" என்றார்.

"தையலைக் கரையிலை கதைப்பம். இப்ப அங்கை பாருங்கோ" என்று அடிவானத்தைக் காட்டினேன்.

கரை சேர்ந்ததும் அவரே கேட்டார்: "அடுத்த வகுப்பு எத்தினை மணிக்கு அக்கா?"