கொல்லிமலை இறக்கமும் பிரேக் பேடும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு நீங்கள் சென்றதுண்டா? அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது உழைப்பது எஞ்சின். இறங்கும்போது உழைப்பது பிரேக். அந்த உழைப்பு எவ்வளவு என்று கணக்கிடுவோமா?

ஆட்களோடு சேர்த்துக் காரின் நிறை 1000 கிலோகிராம் என்றும், இறங்கும் உயரம் 1000 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் ஆகிய மூன்றையும் பெருக்குங்கள். 98 லட்சம் ஜூல் நிலையாற்றல் கிடைக்கிறது. கார் அடிவாரத்தில் வந்து நின்றதும் இந்த ஆற்றல் எங்கே போயிற்று? ஆற்றல் அழியாது அல்லவா? உராய்வினால் அது வெப்பமாக மாறிவிட்டது. 30 டிகிரி செல்சியஸில் உள்ள 33 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். இரண்டு குடத்துக்கும் மேலான தண்ணீர்!

சிறிய கார்கள் பலவற்றின் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் இருக்கும். இவ்வகை பிரேக்குக்கு இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் காப்புரிமை பெற்றார். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. மிதியை அழுத்தினால் பாஸ்கல் விதிப்படி பிரேக் ஆயில் வழியாக அழுத்தம் பிஸ்டனுக்குச் செல்கிறது. டிஸ்கின் இருபுறமும் உள்ள பேடுகள் அதை இறுகப் பற்றுகின்றன.

பேடு தேய்ந்து மெலிந்தால் என்ன ஆகும்? டிஸ்கின் வெப்பம் எளிதில் பிஸ்டனைக் கடந்து ஆயிலை அடையும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி. நீர் 3.7 சதவீதம் கலந்துவிட்டால் அது 140 டிகிரி வரை இறங்கக்கூடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் எளிதில் அமுங்காது, ஆவியோ அமுங்கிவிடும். அப்போது மிதி தரைவரை போகும், கார் நிற்காது!

ஆகவே பேடின் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டராகக் குறைந்தால் மாற்றிவிட வேண்டும். வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் இது நீங்கள் தனியே செய்யும் வேலையன்று. விவரம் தெரிந்த பெரியவர் செய்யும்போது உடனிருந்து கவனியுங்கள்.

சமதரையில் காரை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான ஸ்டாண்டின்மீது காரை இருத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. பேடின் தூளை வாயால் ஊதக்கூடாது. அது நுரையீரலுக்குத் தீங்கு. புதிய பேடு தடிமனானது என்பதால் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ள வேண்டும். அப்போது ஆயில் தொட்டியில் மட்டம் உயரும், வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வலம், இடம் இரண்டு சக்கரங்களிலும் ஒருசேர மாற்றுவது அவசியம். இல்லையேல் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

கடைசியாக ஒன்று. காரை நகர்த்துமுன் மிதி கெட்டியாகும்வரை பலமுறை அழுத்த வேண்டும். ஏன் தெரியுமா? உள்ளே தள்ளிய பிஸ்டனுக்கும் பேடுக்கும் இடையே இடைவெளி இருக்கிறது. அதை நிரப்பாமல் புறப்பட்டால் முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது.

புதிய பேடு இருந்தாலும் மலையில் தாழ்ந்த கியரில்தான் இறங்க வேண்டும். அப்போது எஞ்சினே வேகத்தைத் தடுத்து, பிரேக்கின் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோகிராம். 10 மீட்டர் உயர மேட்டிலிருந்து பிரேக் பிடித்து இறங்குகிறீர்கள். எத்தனை ஜூல் வெப்பம் உண்டாகும்?